அந்தாலியாவில் ஐந்து பகல்: முழங்கால் வலியுள்ள அப்பாவோடு எங்கே போகலாம், எதை விடலாம்?

கேட்டவர் சொல்லியிருப்பது இது. மே மாதக் கடைசியில் மனைவி, அப்பா, அம்மாவோடு துருக்கியின் தென்கரையில் இருக்கும் அந்தாலியாவில் ஆறு இரவு தங்கப்போகிறார். காலையில் கிளம்பி இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். அருவி, மலை, கடல் பார்க்க வேண்டும். பழைய நகரங்களின் இடிபாடுகளையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளுக்குப் பேர்போன பாமுக்கலேயை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா என்பது கடைசிக் கேள்வி. இடங்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். எதை விட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டாம் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் படித்தது நிலவியல். மார்பிள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்காக அந்தாலியாவில் ஏழு ஆண்டு இருந்தேன். வார நாட்களில் பூர்துர் பக்கத்துக் குவாரிகளில் கல் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வந்தவர்களைச் சுற்றிக் காட்டுவது என்று ஓடியது. ஆகவே கல்லையும் தண்ணீரையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மன்னர்களையும் போர்களையும் பற்றியது படித்துத் தெரிந்துகொண்டது. வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைக் கதை என்றே குறித்துவிடுகிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் தானாக வந்துவிடும். வடக்கே தாரஸ் மலைத்தொடர், தெற்கே மத்தியதரைக் கடல், நடுவே அந்தாலியா. கிழக்கே போனால் சமவெளி. பெர்கே, அஸ்பெந்தோஸ், சீதே என்ற பழைய நகரங்கள் மூன்றும் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. மேற்கே போனால் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஃபாசெலிஸ், ஒலிம்போஸ், இன்னும் தள்ளி மீரா, கெகோவா. வடமேற்கே மலைமேல் தெர்மெஸ்ஸோஸ். ஒரு நாளைக்கு ஒரு திசை, அந்தத் திசையில் ஒரு பழைய நகரம், ஒரு தண்ணீர். இதற்கு மேல் போனால் பெரியவர்களுக்குத் தாங்காது. பெர்கே, அஸ்பெந்தோஸ், சீதே, மானவ்காத் அருவி என்று நான்கையும் ஒரே பகலில் காட்டும் சுற்றுலா எல்லா ஓட்டல் வரவேற்பறையிலும் விற்கிறது. என் மாமா, அத்தை வந்தபோது எனக்கு விடுப்பு கிடைக்காததால் அப்படி ஒன்றில் அனுப்பிவைத்தேன். அஸ்பெந்தோஸில் நாற்பது நிமிடம் நின்ற பேருந்து, நகைக்கடையிலும் தோல் கடையிலுமாக இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறது. மாமா நல்ல மனிதர். “கடை ஏசி நன்றாக இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் எங்கேயும் போகாதீர்கள். அந்தாலியாவே பார்க்க வேண்டிய இடம்தான். பெர்கமோன் மன்னன் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஊர். அவன் பெயரிலிருந்துதான் இன்றைய பெயர் வந்தது. கி.பி. 130-இல் ரோமப் பேரரசன் ஹாட்ரியன் வந்தபோது கட்டிய மூன்று வளைவு வாசல் இன்றும் பழைய நகரின் நுழைவில் நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ஊருக்குக் கீழே இருக்கும் கல். நகரம் முழுவதும் உட்கார்ந்திருப்பது டிராவர்டைன் பாறை மேல். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மலையடியில் ஊறிவரும் தண்ணீர், வெளிக்காற்று பட்டதும் அந்தச் சுண்ணாம்பைக் கக்கிவிடும். பல லட்சம் ஆண்டுகள் அப்படிப் படிந்து படிந்து உருவான மேடை இது. மேடையின் விளிம்பு கடலோரத்தில் செங்குத்தாக முடிகிறது. லாரா பக்கத்தில் துதென் ஆறு அந்த விளிம்பிலிருந்து ஏறத்தாழ நாற்பது மீட்டர் நேராகக் கடலில் விழுகிறது. பூங்காவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், படி இறங்க வேண்டியதில்லை, டிக்கெட்டும் இல்லை. ‘துதென்’ என்றாலே துருக்கியில் ஆறு உள்ளே போய் மறையும் பள்ளம் என்று பொருள். இந்த ஆறும் பெயருக்கேற்ப மலையடி ஊற்றுகளிலிருந்து வந்து, நிலத்துக்குள் மறைந்து, ஊருக்கு வடக்கே மீண்டும் வெளியே வருகிறது. அங்கே உள்ள மேல் துதென் அருவியில் தண்ணீருக்குப் பின்னால் குகை வழியாக நடக்கலாம். அது ஈரமான படிக்கட்டு. அப்பா மேலேயே மரநிழலில் உட்காரட்டும்.

இரண்டாம் நாள் கிழக்கே. பெர்கே, அந்தாலியாவிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர்தான். தரை சமம், நடக்க எளிது. ஆனால் நிழல் கிடையாது, ஆகவே திறக்கிற நேரத்திலேயே போய்விடுங்கள். வாசலில் இரண்டு வட்டக் கோபுரங்கள் அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்கக் காலத்தவை. அவற்றுக்குப் பின்னால் உள்ள முற்றத்தை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சிலைகளோடு அழகுபடுத்தியவர் பிளாங்கியா மாக்னா என்ற பெண். கணவர் பெயரையோ தந்தை பெயரையோ முன்னால் நிறுத்தாமல் தன் பணத்தில், தன் பெயரில் செய்த திருப்பணி, கல்வெட்டு சாட்சி. கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதிய, ‘பரவளையம்’, ‘நீள்வட்டம்’ என்று நாம் பள்ளியில் படித்தவற்றுக்குக் கிரேக்கப் பெயர் கொடுத்த அப்பொல்லோனியஸ் இந்த ஊர்க்காரர்தான்.

பெர்கேயில் தவறவிடக் கூடாதது பெருந்தெருவின் நடுவே ஓடும் கால்வாய். வடக்கே குன்றின் அடியில் ஒரு நீர்மாடம். அதில் சாய்ந்து படுத்திருக்கும் கேஸ்ட்ரோஸ் என்ற ஆற்றுத் தெய்வத்தின் சிலை. அதன் காலடியிலிருந்து தண்ணீர் தெரு முழுக்கத் தடுப்புத் தடுப்பாக இறங்கி வந்திருக்கிறது. இருபுறமும் தூண், கடை, நிழல்; நடுவே ஓடும் தண்ணீர். ஜூலையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் இது வெறும் அலங்காரமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். இங்கே எடுத்த சிலைகள் அந்தாலியா அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றில் களைத்து நிற்கும் ஹெராக்ளிஸின் கீழ்ப்பாதி 1980-இல் தோண்டியபோது கிடைத்தது; மேல்பாதி திருட்டுப்போய் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்து, 2011-இல்தான் திரும்பி வந்து ஒட்டப்பட்டது. அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் 2025-இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் போகும் முன் எங்கே, என்ன திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியதும் அருகிலுள்ள குர்ஷுன்லு அருவிப் பூங்காவுக்குப் போய் பைன் மரத்தடியில் மதியத்தைக் கழியுங்கள். அருவி சின்னது, பதினெட்டு மீட்டர். ஆனால் பச்சை நிறக் குட்டைகளும் பாசி படிந்த பாறைகளும் கண்ணுக்கு இதம். கீழே இறங்கப் படி உண்டு, இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் அஸ்பெந்தோஸ். மார்க்கஸ் ஒளரேலியஸ் ஆட்சியில், அதாவது 161-க்கும் 180-க்கும் இடையே, ஸேனோன் என்ற உள்ளூர்க் கட்டடக்காரர் கட்டிய அரங்கம். மற்ற இடங்களில் இருக்கைகள் மிஞ்சியிருக்கும், மேடைச் சுவர் விழுந்திருக்கும். இங்கே இரண்டும் முழு உயரத்துக்கு நிற்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான்கள் இதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு ஏழாயிரம் முதல் இருபதாயிரம் வரை ஆளாளுக்கு ஒரு கணக்கு. வழிகாட்டி உறுதியாக ஓர் எண் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அரங்கம் கட்டியவருக்கும் நீர்ப்பாலம் கட்டியவருக்கும் போட்டி, ஜெயித்தவருக்கு அரசன் மகள் என்றொரு கதையும் வரும். கேட்க நன்றாக இருக்கும், அதற்கு ஆதாரம் கிடையாது.

பேருந்துகள் அரங்கத்தோடு திரும்பிவிடும். உங்களிடம் கார் இருந்தால் குன்றைச் சுற்றி வடக்கே போய் நீர்ப்பாலத்தைப் பாருங்கள், இதற்காக அரங்கத்தில் பத்து நிமிடம் குறைந்தாலும் பரவாயில்லை. மலையிலிருந்து வந்த தண்ணீர் நடுவிலிருந்த பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். பள்ளத்தின் முழு உயரத்துக்கும் பாலம் கட்டாமல், துளையிட்ட கற்களைக் கோத்துக் குழாயாக்கி, அழுத்தத்தாலேயே தண்ணீரை இறக்கி மறுபக்கம் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்கள். திருப்பங்களில் குழாயில் அழுத்தத்தையும் காற்றையும் சமாளிக்கவே அவை என்பது பொதுவான விளக்கம், இதில் பொறியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. திரும்பும் வழியில் கொப்ருசாய் ஆற்றின் மேல் செல்ஜூக் பாலத்தையும் பாருங்கள். நேராக இல்லாமல் நடுவில் ஒடிந்து வளைந்திருக்கும். இடிந்துபோன ரோமப் பாலத்தின் எஞ்சிய அடித்தூண்கள் எங்கே இருந்தனவோ அவற்றின் மேலேயே கட்டியதால் வந்த கோணல் அது.

சீதேயை விட்டுவிடலாம் என்பேன். கடலோரத்தில் அப்பொல்லோ கோயிலின் சில தூண்கள், சூரியன் மறையும்போது அருமையான படம். சுற்றிலும் கடை, கடை, கடை. மானவ்காத் அருவி அகலமானது, உயரம் ஓர் ஆள் அளவைவிட அதிகம் இராது. குற்றாலம் பார்த்தவர்களுக்கு அது மதகு மாதிரி தெரியும். அதே கிழக்குத் திசையில் மலைக்குள் போகும் கொப்ருலு பள்ளத்தாக்கு வேறு ரகம்: பனிநீர் மாதிரி சில்லென்ற ஆறு, ரோமர் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம், அதற்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் செல்கே என்ற நகரின் அரங்கம், நடுவில் ஒரு கிராமம். ரப்பர் படகில் போகும் ஆசை உங்களுக்கும் மனைவிக்கும் இருந்தால் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். இல்லையென்றால் மேற்கே போவது மேல்.

மேற்கே ஃபாசெலிஸ்தான் அப்பாவுக்கென்றே அமைந்த இடம். ரோதஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் குடியேறிய துறைமுக நகரம். நிலத்தை ஓர் ஆட்டிடையனிடம் கருவாடு கொடுத்து வாங்கினார்கள் என்று பழைய கதை உண்டு. மூன்று துறைமுகங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பெருந்தெரு முழுவதும் பைன் நிழல், ஏற்றம் இல்லை. நடந்து முடித்ததும் அதே துறைமுகத்தில் குளிக்கலாம். அலெக்சாந்தர் கி.மு. 334–333 குளிர்காலத்தில் இங்கே தங்கினான். அங்கிருந்து சிறிது தூரத்தில் தாஹ்தலி மலைக்குக் கம்பிவடத் தொட்டில் (கேபிள் கார்) போகிறது. கடலோரச் சாலையிலிருந்து ஏறிப்போய், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 2,365 மீட்டர் உச்சியில் இறக்கிவிடும். மே மாதத்திலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். மேகம் மூடியிருந்தால் காசு வீண், கீழே இருந்து உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அதே நாள் மாலை, பெற்றோர் சிராலி கிராமத்துக் கடற்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நீங்கள் இருவரும் யானார்தாஷுக்கு ஏறிவிட்டு வரலாம். பெயரின் பொருள் ‘எரியும் கல்’. அடிவாரத்திலிருந்து அரை மணி நேரம் கற்படி ஏற்றம். மேலே வெறும் பாறைச் சரிவில், பொந்துக்குப் பொந்து தீ எரிந்துகொண்டிருக்கும். விறகு இல்லை, எண்ணெய் இல்லை. சிங்கம், ஆடு, பாம்பு மூன்றும் கலந்த, தீ கக்கும் கிமேரா என்ற மிருகத்தைப் பெல்லெரோஃபோன் என்ற கிரேக்கப் புராண வீரன் கொன்ற இடம் இதுதான் என்று பழங்காலத்திலேயே நம்பினார்கள்.

நிலவியல் படித்தவனுக்கு இது கோயில் மாதிரி. பொதுவாக எரிவாயு என்றால் மக்கிய உயிரினங்களிலிருந்து வருவது. இங்கே வருவதில் பெரும்பகுதி அப்படியல்ல. இந்தச் சரிவில் உள்ளது ஒரு காலத்தில் கடலடித் தரைக்கும் கீழே கிடந்த இரும்பும் மக்னீசியமும் நிறைந்த பாறை. மலை எழுந்தபோது மேலே தள்ளப்பட்டது. அதில் மழைநீர் இறங்கும்போது பாறை பச்சைநிறக் கனிமமாக மாறி ஹைட்ரஜனை விடுகிறது. அந்த ஹைட்ரஜன் கரியோடு சேர்ந்து மீத்தேன் ஆகிறது. வெளிவரும் வாயுவை அளந்ததில் மீத்தேனோடு பத்து விழுக்காட்டை ஒட்டி ஹைட்ரஜனும் இருப்பது தெரிந்திருக்கிறது. இதுவரை உறுதி. இவ்வளவு குறைந்த வெப்பத்தில் அந்த வேதிவினையை எந்தத் தாது தூண்டுகிறது என்பதில்தான் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு இதுவே கலங்கரை விளக்கம் என்று சொல்வார்கள். இன்றைய தீயின் உயரத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே. இருட்டத் தொடங்கும்போது போனால்தான் அழகு. இறங்கும்போது செல்போன் வெளிச்சம் போதாது, டார்ச் வேண்டும்.

தெர்மெஸ்ஸோஸ் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, உங்கள் அப்பாவுக்கு மட்டும் கூடாது. அந்தாலியாவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரை நிறுத்திய இடத்திலிருந்து கரடுமுரடான மலைப்பாதையில் ஒரு மணி நேர ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்குகிற மாதிரி ஓர் அரங்கம். அண்மைக்காலம் வரை முறையாகத் தோண்டாத நகரம்; விழுந்த கல் விழுந்தபடி மரவேர்களுக்கு நடுவே கிடக்கிறது. கி.மு. 333-இல் அலெக்சாந்தர் இதைப் பிடிக்காமலே நடையைக் கட்டினான். அவன் இறந்தபின் தளபதிகளுக்குள் நடந்த சண்டையில் அல்கேத்தாஸ் என்பவன் இங்கே அடைக்கலம் புகுந்தான். ஊர்ப் பெரியவர்கள் எதிரிக்கு அவனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்தார்கள். பிடிபடாமல் அவனே உயிரை விட்டான். எதிரி சிதைத்துப் போட்ட உடலை ஊர் இளைஞர்கள் எடுத்துவந்து மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். குதிரைவீரன் செதுக்கிய ஒரு பாறைக் கல்லறையை அவனுடையது என்கிறார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, பெயர்க் கல்வெட்டு இல்லை. பெற்றோருக்கு ஓய்வு கொடுக்கும் ஒரு நாள் விடியலில் நீங்கள் இருவரும் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள்.

மீராவும் கெகோவாவும் நீண்ட நாள். மீரா இருக்கும் தெம்ரே ஊருக்கே நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல், மலையோர வளைவுகள். ஆனால் போய்ச் சேர்ந்தபின் நடை குறைவு, பாதி நேரம் படகு, ஆகவே முழங்காலுக்குப் பாதகமில்லை. மீராவில் செங்குத்துப் பாறையில், இந்தக் கரையின் பண்டைய மக்களான லிசியர்கள் குடைந்த கல்லறைகளைக் கீழே நின்றே பார்த்துக்கொள்ளலாம். மரவீட்டின் உத்தரமும் விட்டத்தின் முனைகளும் அப்படியே கல்லில் இருக்கும். தச்சனின் வேலையைக் கல்தச்சன் நகலெடுத்திருக்கிறான். ஊருக்குள் புனித நிக்கோலாஸ் தேவாலயம். 4-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்தவர்தான் பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனார். அவருடைய எலும்புகளை 1087-இல் இத்தாலிய மாலுமிகள் பாரி நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மீராவின் பெரும்பகுதியை ஆற்று வண்டல் புதைத்துவிட்டது. பக்கத்திலேயே கெகோவாவில் நேர்மாறு: நிலநடுக்கங்களில் தரை தாழ்ந்து, வீடுகளின் படிக்கட்டுகள் கடலுக்குள் இறங்குகின்றன. படகிலிருந்தே பார்க்க வேண்டும், இடிபாடுகளின் மேல் நீந்தத் தடை.

இப்போது பாமுக்கலே. ஒரே நாளில் முடியுமா என்றால் முடியும். வேண்டாம் என்பது என் பதில். ஒரு வழிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி, வெயில் உச்சியில் இருக்கும்போது அங்கே நின்று, இரவு பத்துக்குத் திரும்புவீர்கள். வெள்ளைப் படிகளில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், தரை சில இடங்களில் சொரசொரப்பு, சில இடங்களில் வழுக்கல். படங்களில் காண்பதுபோல் எல்லாத் தொட்டியிலும் நீலத் தண்ணீர் நிற்காது. பாசி பிடிக்காமல் வெண்மை காக்க, வெந்நீரை முறைவைத்து ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் திருப்பிவிடுகிறார்கள். வறண்ட தொட்டியைப் பார்த்து ஏமாந்து திரும்பியவர்கள் நிறைய. டிராவர்டைன் படியும் விதம் அந்தாலியாவில் நீங்கள் மிதித்து நடக்கும் அதே விதம்தான். ஓர் இரவு அங்கே தங்க முடிந்தால் மட்டும் போங்கள். அப்போது மேலே உள்ள ஹியராபோலிஸ் நகரத்துக்கும் நேரம் கிடைக்கும். அதன் கல்லறைத் தோட்டத்தில் 3-ஆம் நூற்றாண்டுக் கல்பெட்டி ஒன்றின் மூடியில், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சுழல்வதை முன்பின் அசைவாக மாற்றும் பொறிக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சித்திரம் அது. கல் தொழிலில் இருந்த நான் அதன் முன்னால் நின்ற நேரம் அதிகம்.

ஆக, முதல் நாள் ஊர், இரண்டாம் நாள் பெர்கேயும் அஸ்பெந்தோஸும், மூன்றாம் நாள் ஃபாசெலிஸ், நான்காம் நாள் காலை உங்கள் இருவருக்கும் தெர்மெஸ்ஸோஸ், ஐந்தாம் நாள் கெகோவா. நான்கு பேருக்கு வாடகைக் கார்தான் சௌகரியம். வண்டி சாலையின் வலப்பக்கம் போகும் என்பதை முதல் இரண்டு நாள் மனைவி பக்கத்திலிருந்து நினைவூட்டிக்கொண்டே இருக்கட்டும். ஓட்டத் தயக்கமாக இருந்தால் ஓட்டுநரோடு எடுங்கள். கடைகளில் நிறுத்தக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் அங்கே அடிக்கடி ஏறுகிறது, அந்த வாரத்து விலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். சைவம் என்றால் கஷ்டமில்லை: கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துத் தோசைக்கல் மாதிரியான தகட்டில் சுடும் கொஸ்லெமே, எள் விழுது ஊற்றிய வெள்ளை அவரை பியாஸ் (மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்), உப்புப் போட்ட மோரான அய்ரான். கறிவேப்பிலையும் பெருங்காயமும் இல்லாத மோர் என்று அம்மா குறை சொல்லக்கூடும், வெயிலில் இரண்டாம் டம்ளர் கேட்பார்.

கடைசியாகக் காலணி. இந்த நகரங்களின் தெருக்கள் சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும். இரண்டாயிரம் ஆண்டுகளாக மிதிபட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டவை, காலைப் பனி ஈரம் பட்டாலே வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், அடியில் பிடிப்புள்ள ரப்பர் ஷூ எல்லோருக்கும். அப்பாவின் கைத்தடி முனையிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் ஊரிலேயே புதிதாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.